பெருங்களத்தூர் எல்லாம் இறங்குங்க!

விடியக்காலை நாலரை மணி. மதுரை, நெல்லை, நாகர்கோவில், கம்பம்னு எங்கெங்கிருந்தோ ராத்திரி பூரா ஓடிவந்த பஸ், ஜி.எஸ்.டி. ரோட்டுல மூச்சு வாங்கி நிக்கும். 'பெருங்களத்தூர் எல்லாம் எறங்குங்க!'னு கண்டக்டர் போடுற சத்தத்துல பாதி பஸ் முழிச்சுக்கும். பல வருஷமா தென் மாவட்டத்துக்காரங்களுக்கு சென்னைன்னா மெரினா இல்லை, சென்ட்ரல் இல்லை... பெருங்களத்தூர்தான்!

2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்த பஸ்ஸெல்லாம் அங்கேயே நின்னுடுது. ஆனா, சூட்கேஸும் பிளாஸ்டிக் வாளியும் தலகாணியுமா வர்ற ஃபர்ஸ்ட் இயர் கூட்டம் மட்டும் நிக்கவே இல்லை. ஆகஸ்ட், செப்டம்பர் ஆனா போதும்... மாநகரப் பேருந்து, ஷேர் ஆட்டோன்னு எதையாவது புடிச்சு இந்தப் பக்கம் வந்து இறங்கிடுது.

காரணம் சிம்பிள். இந்த ஏரியாவே ஒரு காலேஜ் காடு! வண்டலூர்ல 1984-ல் ஆரம்பிச்ச கிரசென்ட், காட்டாங்குளத்தூர்ல எஸ்.ஆர்.எம்., மேற்குத் தாம்பரத்துல சாய்ராம், கிழக்குத் தாம்பரத்துல எம்.சி.சி., குரோம்பேட்டையில எம்.ஐ.டி... எல்லாம் மின்சார ரயில்ல கூப்பிடு தூரம். அதனால பெருங்களத்தூர்ல தெருவுக்குத் தெரு 'பேயிங் கெஸ்ட்' போர்டு. கட்டிலுக்கு ஒரு வாடகை, சாப்பாட்டுக்கு ஒரு வாடகை!

இப்படி வந்து இறங்குற மக்களுக்கு முதல் வாரம் எல்லாமே ஜாலி. ரெண்டாவது வாரம் லேசா ஒரு உறுத்தல். மூணாவது வாரம் ராத்திரி பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு ஒரு அழுகை. 'என்னாச்சுடா?'ன்னு கேட்டா, 'ஒண்ணுமில்லைடா, சளி'ன்னு ஒரு பதில். அந்த 'ஒண்ணுமில்லை'க்கு ஒரு பேர் இருக்கு ஃப்ரெண்ட்ஸ்... கல்ச்சர் ஷாக்!

'அட, கல்ச்சர் ஷாக்கா? அது அமெரிக்கா போறவங்களுக்குத்தானே? நான் சங்கரன்கோவில்லேருந்து பெருங்களத்தூர்தானே வந்திருக்கேன்'னு சிரிக்காதீங்க. இந்த வாரம் நாம பேசப்போறதே அந்த சங்கரன்கோவில் டு பெருங்களத்தூர் ஷாக்கைப் பத்திதான்.

இது யார் வெச்ச பேரு?

கலேர்வோ ஓபெர்க்னு ஒரு கனடா நாட்டு மானுடவியலாளர். 1954-ல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரத்துல ஒரு மகளிர் கிளப்பில் பேசப் போனார். வெளிநாட்டுல வந்து குடித்தனம் பண்றவங்களுக்கு ஏன் மனசு இப்படிக் குழம்புதுன்னு விளக்கினார். அந்தப் பேச்சு 1960-ல் கட்டுரையா வந்து உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

அவர் சொன்ன விஷயம் ரொம்ப எளிமையானது. சொந்த ஊர்ல நமக்குத் தெரியாமலே ஆயிரம் சின்னச் சின்ன அடையாளங்களை நம்பித்தான் வாழறோம். யாரைப் பார்த்தா வணக்கம் சொல்லணும், எப்போ சிரிக்கணும், கடையில எப்படிக் கேட்கணும், 'சாப்ட்டியா?'ன்னு கேட்டா நிஜமாவே பதில் சொல்லணுமா, இல்லை சும்மா கேட்கிறாங்களா... இதெல்லாம் யாரும் சொல்லித் தர்றதில்லை. தானா வரும். புது இடத்துல இந்த அடையாளங்க எல்லாம் ஒட்டுமொத்தமா காணாமப் போயிடும். தண்ணிக்கு வெளியே எடுத்துப்போட்ட மீன் கதைதான்!

முதல்ல தேனிலவு மாதிரி ஒரு குஷி. அப்புறம் ஒரு சரிவு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் தேறி, கடைசியில பழகிடுறது. இதுதான் ஓபெர்க் போட்ட ரூட் மேப். 1955-ல் ஸ்வெரே லைஸ்கார்டுன்னு ஒரு நார்வே சமூகவியலாளர், அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்த் திரும்பின தன் நாட்டுக்காரங்க 200 பேரை விசாரிச்சு, இதை ஆங்கில 'யு' எழுத்து மாதிரி ஒரு கோடா வரைஞ்சார். மேலிருந்து கீழே இறங்கி, மறுபடி மேலே!

எல்லோருக்கும் இந்த 'யு' அப்படியே பொருந்தாதுன்னு பின்னாடி வந்த ஆய்வாளர்கள் சொன்னாங்க. நிறைய பேருக்கு தேனிலவே கிடையாது, முதல் நாளே சரிவுதான். ஸோ, உங்க கோடு எப்படி இருந்தாலும் பயப்படாதீங்க. கோடு மேலே ஏறும்ங்கிறதுதான் நமக்கு வேண்டிய சேதி.

போர்வை தெரியாத மேதை

'எனக்கு மட்டும்தான் இப்படியா?'ன்னு யோசிக்கிற ஒவ்வொருத்தரும் கணித மேதை ராமானுஜன் கதையைத் தெரிஞ்சுக்கணும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தவர். கணக்கைத் தவிர மத்த பாடங்கள் ஏறலை. ஸ்காலர்ஷிப் போச்சு. 1905-ல் வீட்டுல சொல்லாமக் கொள்ளாம விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறிட்டார். ஆமாம் பாஸ்... ராமானுஜனே காலேஜ் புடிக்காம ஓடிப்போனவர்தான்! அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. பரீட்சையில ஃபெயில்.

1914 மார்ச் மாசம் கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ் போனார். குடுமியை எடுத்தாச்சு, கோட்டு சூட்டு மாட்டியாச்சு. சைவச் சாப்பாட்டுக்காக ரூம்லயே அடுப்பு வெச்சுத் தானே சமையல். ஷூ காலைக் கடிக்குதுன்னு ரூமுக்குள்ள செருப்பு.

அங்கே அவருக்குப் பழக்கமான இன்னொரு இந்திய மாணவர், பி.சி.மகாலனோபிஸ். பிற்காலத்துல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினாரே, அவரேதான். ஒருநாள் ராமானுஜன்கிட்ட, 'ராத்திரி குளிருக்கு எப்படிச் சமாளிக்கிறீங்க?'ன்னு கேட்டிருக்கார். 'ரொம்பக் குளிருது. ஓவர்கோட்டைப் போட்டு, மேலே சால்வையைச் சுத்திக்கிட்டுதான் படுக்கிறேன்'ங்கிறது பதில். மகாலனோபிஸுக்கு சந்தேகம். படுக்கையறையைப் போய்ப் பார்த்தா, கட்டில்ல கம்பளிப் போர்வைங்க நல்லா இழுத்துச் செருகி அப்படியே இருக்கு. அதுக்குள்ள புகுந்து படுக்கணும்னு ராமானுஜனுக்கு யாருமே சொல்லலை! மேலேயே படுத்துக் குளிர்ல நடுங்கியிருக்கார். போர்வையை விலக்கி, உள்ளே எப்படிப் படுக்கணும்னு மகாலனோபிஸ்தான் காட்டிக் கொடுத்திருக்கார்.

யோசிச்சுப் பாருங்க. ராமானுஜனுக்குத் தெரியாத கணக்கா? ஆனா, போர்வை தெரியலை. தெரியலைங்கிறதுல ஒரு அவமானமும் இல்லை. 'குளிருதா?'ன்னு கேட்க ஒரு ஆள் இல்லாததுதான் அங்கே நடந்த கொடுமை. அந்த ஒரு கேள்வி வந்ததும் பிரச்னை அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துடுச்சு.

நம்ம ஹாஸ்டல்லயும் இதே கதைதான். 'ரெக்கார்ட்' வேற, 'அப்சர்வேஷன்' வேறன்னு தெரியாம ரெண்டையும் மாத்தி எழுதி லேப்ல நிக்கிறவங்க, 'ஓ.டி.'ன்னா என்னன்னு கேட்கக் கூச்சப்பட்டு அட்டெண்டென்ஸை விடுறவங்க, வாஷிங் மெஷினை எப்படி ஆன் பண்றதுன்னு தெரியாம விடியக்காலை நாலு மணிக்கு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கையாலயே துவைக்கிறவங்க... எல்லாம் போர்வைக்கு மேலே படுத்திருக்கிற ராமானுஜன்கள்தான்!

குரோம்பேட்டைக்கு வந்த ராமேஸ்வரத்துக்காரர்

இன்னொரு கதை நமக்கு ரொம்பப் பக்கம். பெருங்களத்தூர்ல ரயில் ஏறினா தாம்பரம், சானடோரியம், அடுத்து குரோம்பேட்டை. அங்கே 1949-ல் சி.ராஜம் ஆரம்பிச்ச எம்.ஐ.டி.யில 1950-களில் ஏரோநாட்டிகல் சேர வந்தார் ராமேஸ்வரத்துக்காரர் ஒருத்தர். அப்துல் கலாம்!

அட்மிஷனுக்குத் தேவைப்பட்டது சுமார் 1,000 ரூபாய். அவர் அப்பாகிட்ட அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன்னோட தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வெச்சுக் கொடுத்தாங்க. நம்மில் எத்தனை பேர் வீட்டுல இந்த நகைக் கதை இருக்குன்னு கை தூக்கச் சொன்னா, கிளாஸ்ல பாதிக் கை மேலே போகும்.

கலாமுக்கு வீட்டு நினைப்பு வரலையா? அதுக்கும் முன்னாடியே வந்திருக்கு. ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் ஸ்கூல்ல படிக்கப் போனப்பவே ராமேஸ்வரமும் அம்மா செய்யற போளியும் நினைப்புல வந்து ஏங்க வெச்சதா 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருக்கார். ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் தூரம் சுமார் 55 கிலோமீட்டர்தான்! ஏக்கத்துக்கு கிலோமீட்டர் கணக்கு கிடையாது மக்களே.

எம்.ஐ.டி.யில அவர் என்ன பண்ணினார்? கேம்பஸ்ல பறக்கிறதிலிருந்து ஓய்வு கொடுத்த ரெண்டு விமானங்களைப் பார்வைக்கு வெச்சிருந்தாங்க. மத்த பசங்க ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அதுங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பாராம். புது இடத்துல நமக்குன்னு ஒரு மூலை! அப்புறம், எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்தின கட்டுரைப் போட்டியில நாமே விமானம் செய்வோம்ங்கிற பொருள்ல தமிழ்ல எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசு கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். இங்கிலீஷ்ல பாடம் நடக்கிற காலேஜ்ல, தமிழை வெச்சு மேடை ஏறினவர் அவர். 'எனக்கு இங்கிலீஷ் வராது'ன்னு மூலையில உட்கார்ந்திருக்கிறவங்க இதைக் கொஞ்சம் குறிச்சு வெச்சுக்கோங்க.

எங்கெங்கே ஷாக் அடிக்கும்?

முதல் ஷாக்... மொழி! பன்னிரண்டாவது வரைக்கும் 'விசை', 'திசைவேகம்', 'நுண்கணிதம்'னு சூப்பரா படிச்சுட்டு வந்த ஆளுக்கு, முதல் நாள் முதல் கிளாஸ்ல 'ஃபோர்ஸ்', 'வெலாசிட்டி', 'கால்குலஸ்'. தெரிஞ்ச பாடம்தான். வேஷம் மாத்திக்கிட்டு வந்து பயமுறுத்துது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ் வழியில கொண்டு வந்தது. ஆனாலும் பெரும்பாலான கிளாஸ் ரூம்ல இங்கிலீஷ்தான்.

ரெண்டாவது ஷாக்... மார்க்! பிளஸ் டூவில் 35 எடுத்தா பாஸ். அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 விதிமுறைப்படி இன்டர்னலையும் சேர்த்து 50 எடுக்கணும். அதுலயும் செமஸ்டர் பரீட்சையில மட்டும் தனியா 45 சதவிகிதம் வந்தாகணும். அட்டெண்டென்ஸ் 75 சதவிகிதம். ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த பார்ட்டி, முதல் இன்டர்னல்ல 28 வாங்கிட்டு அந்தப் பேப்பரை நாலா மடிச்சுப் பையில வைக்கிற காட்சி இருக்கே... ஐயோ! அந்த கிளாஸ்ல உட்கார்ந்திருக்கிற அறுபது பேருமே ஏதோ ஒரு ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் ராங்க்தான்ங்கிறது அப்போதான் உறைக்கும்.

மூணாவது... காசு! ரூம்மேட் ஒருநாள் ராத்திரி ஆர்டர் பண்ற பீட்சா காசுல, ஊர்ல ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். அவன் ஷேர் பண்ணச் சொல்றான். 'எனக்குப் புடிக்காதுடா'ன்னு ஒரு பொய். பசியோட சீக்கிரம் தூங்கிடுறது.

நாலாவது... பேச்சு! 'ஏலே'ன்னு கூப்பிட்டா கிளாஸே சிரிக்கும். 'ஏனுங்க'ன்னா கலாய்ப்பாங்க. நம்ம ஊர்ல மரியாதையா இருக்கிறது இங்கே காமெடி. கொஞ்ச நாள்ல நம்ம வாயிலயும் 'மச்சி' ஒட்டிக்கும். ஊருக்கு போன் பண்ணும்போது அது வழுக்கி விழ, 'என்னது... மச்சியா?'ன்னு அப்பா கேட்பார்!

அஞ்சாவது... ரூல்ஸ்! சில காலேஜ்ல பசங்களும் பொண்ணுங்களும் பேசினா ஐ.டி. கார்டைப் புடுங்கிடுவாங்க. பக்கத்து காலேஜ்ல ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து புராஜெக்ட் பண்ணுவாங்க. கோ-எட் ஸ்கூல்ல சகஜமாப் பேசி வளர்ந்தவங்களுக்கு முதல் ரகம் ஷாக். பொண்ணுங்க ஸ்கூல், பசங்க ஸ்கூல்னு தனித்தனியா படிச்சவங்களுக்கு ரெண்டாவது ரகம் ஷாக். பொண்ணுங்க ஹாஸ்டல் கேட் பசங்க ஹாஸ்டலுக்கு முன்னாடியே பூட்டுறதும் இந்த லிஸ்ட்லதான் வருது.

ஆறாவது ஒண்ணு இருக்கு. யாரும் சத்தமாச் சொல்றதில்லை. 'எந்த ஊரு?'ன்னு ஆரம்பிச்சு, 'ஊர்ல எந்தத் தெரு? உங்க குலசாமி எது?'ன்னு சுத்திச் சுத்தி வர்ற கேள்விங்க. எதைத் தெரிஞ்சுக்கக் கேட்கிறாங்கன்னு கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்றவனுக்கும் தெரியும். ஊரை விட்டு வந்தா இது போயிடும்னு நம்பி வந்தவங்களுக்கு இதைவிடப் பெரிய ஷாக் வேற இல்லை.

நல்ல ஷாக்கும் உண்டுங்க! எங்க தெரு ஹாஸ்டல்ல இருக்கிற ஒரு தோழி சொன்னது இது. 'டீக்கடை பெஞ்ச்ல உட்கார்ந்து டீ குடிச்சது வாழ்க்கையில இதுதான் முதல் தடவை. ஊர்ல அந்தப் பக்கம் நடக்கிறதுக்கே தலையைக் குனிஞ்சுக்குவேன்.' அந்த டீ பத்து பதினஞ்சு ரூபாதான் இருக்கும். அவங்களுக்கு அது பட்டமளிப்பு விழா!

வாயைத் திறக்காத கூட்டம்

இதெல்லாம் எல்லோருக்கும் நடக்குதுன்னா, ஏன் யாருமே பேசறதில்லை? இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகுது.

ஒரு பொண்ணு வீட்டுல, 'இங்கே எனக்கு முடியலைம்மா'ன்னு சொன்னா, 'சரி, டி.சி.யை வாங்கிட்டுக் கிளம்பி வா'ன்னு பதில் வரலாம். அடுத்த பேச்சு கல்யாணம். அதனால அவங்க சொல்றதில்லை. ஒரு பையன் சொன்னா, 'ஆம்பளப் பய அழலாமா?' ஸோ, அவனும் சொல்றதில்லை. நகையை அடகு வெச்சவங்ககிட்ட, லோன் போட்டவங்ககிட்ட, 'நல்லா இருக்கேன்'ங்கிறதைத் தவிர வேற வார்த்தை வாயில வராது.

முதல் தலைமுறையா காலேஜுக்கு வர்றவங்களுக்கு இது டபுள் கஷ்டம். முதல் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. இன்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்புகள்ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித இடம் 2021-ல் சட்டமாச்சு. உயர்கல்வி படிக்கிற அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல, பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்ல தொடங்கினாங்க. கதவு நல்லாவே திறந்திருக்கு. ஆனா, உள்ளே வந்த பிறகு எந்த நாற்காலியில உட்காரணும்னு சொல்ல வீட்டுல யாரும் இல்லை. அண்ணன் படிச்ச காலேஜ், அத்தை படிச்ச காலேஜ்னு கதை கேட்டு வளர்ந்தவங்களுக்குப் பாதி அடையாளம் வரும்போதே தெரிஞ்சிருக்கும். இவங்களுக்கு எல்லாமே முதல் தடவை. இது புத்திசாலித்தனத்துல வர்ற வித்தியாசமே இல்லை. தகவல்ல வர்ற வித்தியாசம்!

என்ன பண்ணலாம் பாஸ்?

ஒண்ணு... முதல் செமஸ்டர் முடியற வரைக்கும் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீங்க. 'இந்த காலேஜே வேணாம்', 'இந்தப் படிப்பே எனக்கு செட்டாகாது'ன்னு ராத்திரி பதினோரு மணிக்குத் தோணுறதை, மறுநாள் மதியம் சாப்பிட்ட பிறகு யோசிங்க. நிஜமாவே செட்டாகலைன்னா, அது ஜனவரியிலயும் அப்படியே தெரியும்.

ரெண்டு... ஒரே ஒரு ஆள் போதும். நாப்பது ஃப்ரெண்ட்ஸ் வேண்டாம். பக்கத்துக் கட்டில், பக்கத்து பெஞ்ச், ஒரே ரயில்ல வர்றவங்க... ஒருத்தர்கிட்ட, 'எனக்கு இது தெரியலை, சொல்லித் தர்றியா?'ன்னு கேளுங்க. பத்துல எட்டு தடவை, 'எனக்கும் தெரியாதுடா, வா கேட்போம்'னுதான் பதில் வரும்.

மூணு... ஊர்க்காரங்க குரூப் மருந்து மாதிரி. அளவோட நல்லது. நெல்லைக்காரங்க நெல்லைக்காரங்களோடயே நாலு வருஷம் சுத்தினா, பெருங்களத்தூர்ல இருந்தும் பாளையங்கோட்டையிலதான் இருக்கீங்கன்னு அர்த்தம். தெலுங்கு பேசறவர், மலையாளம் பேசறவர், ஹிந்தி பேசறவர்னு உங்க மாடியிலயே ஆள் இருப்பாங்க. அவங்க உங்களைவிட ரெட்டை ஷாக்ல இருக்காங்க... 'உன் சர்நேம் என்ன?'ன்னு கேட்டா, நீங்க இனிஷியலைப் பத்தி விளக்கம் கொடுக்கிற மாதிரி!

நாலு... இங்கிலீஷ். கிளாஸ்ல காதுல விழற புது வார்த்தையைத் தமிழ்லயே எழுதிக்கோங்க. பக்கத்துல பிளஸ் டூ புக்ல இருக்கிற தமிழ்ச் சொல்லை எழுதுங்க. ஒரு மாசத்துல நாப்பது பக்க நோட்டு ஒரு அகராதி ஆயிடும். பரீட்சைக்கு அதைவிட நல்ல கைடு கிடையாது. சந்தேகத்தைத் தமிழ்லயே கேளுங்க. பெரும்பாலான மேடம், சார் எல்லாம் தமிழ்லதான் பதில் சொல்வாங்க.

அஞ்சு... வீட்டுக்கு போன். ஒரு நேரம் வெச்சுப் பேசுங்க. நாள் பூரா வீடியோ கால்ல அம்மா சமையல்கட்டுலயே உட்கார்ந்திருந்தா, கால் இங்கே ஊனாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளாம்பாக்கத்துக்கு ஓடாதீங்க. முதல்ல ரெண்டு வாரம், அப்புறம் மூணு வாரம்னு இடைவெளியைக் கூட்டிப் பாருங்க.

ஆறு... உங்களுக்குன்னு ஒரு மூலை. கலாமுக்கு விமானம் கிடைச்ச மாதிரி உங்களுக்கு லைப்ரரி ஜன்னல், கிரவுண்ட் படிக்கட்டு, ஸ்டேஷன் பெஞ்ச்னு ஏதோ ஒண்ணு. தாம்பரம் எம்.சி.சி.யோட 365 ஏக்கர் காட்டைப் பார்த்தா பொறாமையா இருக்கும். ஆனா ஒரு ரகசியம்... அந்தக் காலேஜே இங்கே புது முகம்தான். ஜார்ஜ் டவுன்ல நூறு வருஷம் இருந்துட்டு, 1937-ல்தான் மூட்டை முடிச்சோட தாம்பரத்துக்குக் குடி வந்துச்சு!

ஏழு... ராகிங் நடந்தா, அதைக் கல்ச்சர் ஷாக்னு நினைச்சுப் பொறுத்துக்காதீங்க. அது குற்றம். 1996-ல் சிதம்பரத்துல ஒரு மருத்துவ மாணவர் கொலையான பிறகு, 1997-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டுடுச்சு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். தேசிய அளவுல புகார் சொல்ல இலவச நம்பர் 1800-180-5522. ராத்திரி தூக்கம் வரலை, சாப்பாடு இறங்கலை, வாழவே வேணாம்னு தோணுதுன்னா அதையும் 'ஹோம் சிக்'னு தள்ளி விடாதீங்க. 14416-க்கு போன் பண்ணுங்க. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டர்கிட்ட போறோம்ல, அது மாதிரிதான் இதுவும்.

ஊருக்குப் போனா இன்னொரு ஷாக்!

தீபாவளிக்கு ஊருக்குப் போவீங்க. ஆசை ஆசையா வீட்டுக்குள்ள நுழைஞ்சா, உங்க கட்டில்ல தம்பி படுத்திருப்பான். 'சாம்பார்ல ஏன் இவ்வளவு காரம்?'னு வாய் தவறிக் கேட்டுடுவீங்க. 'மெட்ராஸ் போனதும் ரொம்ப மாறிட்டே'ன்னு சித்தி சொல்லுவாங்க. பழைய ஃப்ரெண்ட்ஸ் பேசற ஜோக் புரியாது. 'அங்கேயும் ஒட்டலை, இங்கேயும் ஒட்டலை'ன்னு ஒரு வலி வரும்.

இதுக்கும் படம் போட்டு வெச்சிருக்காங்க! 1963-ல் ஜான், ஜீன் குல்லஹார்ன்னு ஒரு அமெரிக்கத் தம்பதி, அந்த 'யு' கோட்டை ஊர் திரும்புற வரைக்கும் நீட்டினாங்க. ரெண்டு 'யு' சேர்ந்தா 'டபிள்யூ'. அதாவது, வீட்டுக்குத் திரும்பினாலும் ஒரு சரிவு, ஒரு ஏற்றம் உண்டு. நீங்க வளர்ந்திருக்கீங்க, சட்டை சின்னதாயிடுச்சு. அவ்வளவுதான் விஷயம். சாம்பாரைக் குறை சொல்லாம சாப்பிட்டுட்டு, அம்மாகிட்ட காலேஜ் கதை சொல்லுங்க. இன்டர்னல்ல 28 வாங்கின கதையையும் சேர்த்துத்தான். நாம பயப்படுற அளவுக்கு அவங்க உடைஞ்சு போறதில்லை.

சீனியர்ஸ், இது உங்களுக்கு!

கடைசியா ஒரு வார்த்தை, ஃபர்ஸ்ட் இயருக்கு இல்லை... செகண்ட் இயர், தேர்ட் இயர் மக்களுக்கும், சென்னையிலேயே பிறந்து வளர்ந்த புண்ணியவான்களுக்கும். மூணு வாரம் 'இண்டக்‌ஷன்' நடத்தணும்னு ஏ.ஐ.சி.டி.இ. 2017-லேயே சொல்லிடுச்சு. காலேஜும் ஏ.சி. ஆடிட்டோரியத்துல உட்கார வெச்சு நடத்திடுது. ஆனா வாஷிங் மெஷின், ரெக்கார்ட் நோட்டு, மெஸ் டோக்கன், எந்த ரயில்ல கூட்டம் கம்மிங்கிற பாடமெல்லாம் பவர்பாயின்ட்ல வராது. அது நம்மகிட்டதான் இருக்கு.

யாராவது ஒரு தம்பி, தங்கச்சி மெஸ்ல தனியா உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கிட்டிருந்தா, தட்டை எடுத்துக்கிட்டுப் போய் எதிர்ல உட்காருங்க. 'எந்த ஊரு?'ன்னு கேளுங்க. அடுத்த கேள்வியா எந்தத் தெருன்னு கேட்காதீங்க. 'சாப்பாடு புடிச்சிருக்கா? கிளாஸ் புரியுதா? ராத்திரி தூக்கம் வருதா?'ன்னு கேளுங்க. அவங்க பேச்சு நடையைப் பார்த்துச் சிரிக்காதீங்க. மகாலனோபிஸ் பெருசா ஒண்ணும் செஞ்சுடலை... குளிருதான்னு கேட்டார், அவ்ளோதான்!

சரி, அடுத்த வாரம் இன்னொரு முக்கியமான மேட்டரோட வர்றேன். முதல் அரியர் விழுந்தா வீட்டுல எப்படிச் சொல்றது? அதுவரைக்கும்... மெஸ்ல எதிர்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு, பாருங்க!